பதினேழாவது கேள்வி

மனித குலத்தின் மேல் இருந்த கருணையால் நான் மனநலத் துறைக்கு வந்தேன் என்று சில கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். மைக் முன்னால் மறுப்பது மரியாதையில்லை என்று தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டுவார்கள். எம்.ஏ. முடித்த வருஷம் எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்பதுதான் நிஜம். பேராசிரியர் ஒருவர் கிராமத்து இளைஞர்களின் மனதை ஆராய எங்கிருந்தோ பணம் வாங்கி வைத்திருந்தார். கிராமத்துக்குப் போக ஆள் இல்லை. அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. எனக்கும் ஒத்துக்கொள்ளாது, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு பஸ் பிடித்து, அது நின்றுபோன இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் மலையடிவாரத்தில் அந்த ஊர். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லோருக்கும் கடலைக்காடு, கேழ்வரகு, கொஞ்சம் ஆடு. ஓடு போட்ட சின்னக் கோயில் ஒன்று, அதற்குப் பொருந்தாத பெரிய மணி. சாமியார் மாதத்துக்கு ஒரு முறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, மூன்று வேளையும் மணி அடிப்பது எல்லாம் அவர் பாடு. மனைவி இல்லாதவர். அவர் வீட்டை ஒட்டியிருந்த அறையில் எனக்கு இடம் கொடுத்தார்.

“சோறு நம்ம வூட்டுலயே ஆயிடுங்க தம்பி. ரெண்டாவது பொண்ணு ஆக்கும்,” என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவாள். ரெண்டாவது என்றால் முதல் பெண் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்தக் கேள்வி என் படிவத்தில் இல்லை.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. பேராசிரியரே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை. ஊர் இளைஞர்கள் எல்லாம் சாயங்காலம் சைக்கிள் கடையில் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு முதல் நாளே அங்கே போய் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

“என்னாங்க சாரு கேக்கணும்? கேளுங்க.”

“தங்கட்குக் காரணமற்ற உளச்சோர்வு தோன்றுவதுண்டா?”

அவர் டியூபைக் கீழே வைத்தார். “இருங்க. இதுக்கு நாங்க முழங்கால் போடணுமா, நின்னுக்கிட்டே சொல்லலாமா?”

கடை முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு நான் கேள்விகளை என் சொந்தத் தமிழில் கேட்க ஆரம்பித்தேன். விஞ்ஞானத்துக்கு நான் செய்த முதல் துரோகம் அது. பதினாறு கேள்வி வரை ஒன்றும் பிரமாதமில்லை. தூக்கம் வருகிறது, பசிக்கிறது, அப்பன்மேல் கோபம் வருகிறது. பதினேழாவது கேள்வி இது: பக்கத்தில் யாரும் இல்லாதபோது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டதுண்டா?

“கேக்குங்க,” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

“எப்போது?”

“தினம்தானுங்க. மத்தியான மணி அடிச்சப்புறம்.”

“எங்கிருந்து?”

“கெணத்துப் பக்கமிருந்து.”

அடுத்தவனைக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். மறுநாள் கடலை பறிக்கும் பெண்களிடம் கேட்டேன். தினம், மணி அடித்த பிறகு, கிணற்றுப் பக்கமிருந்து என்றார்கள். ஆடு மேய்ப்பவன், செங்கல் அறுப்பவன், புதிதாகக் கல்யாணமானவன் என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

“யார் கூப்பிடுவது?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“தெரியாதுங்க. பாக்கக் கூடாதுங்க,” என்றாள். பிறகு, “நீங்க உபதேசியார் வூட்டுலதான தங்கியிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அன்று எனக்குப் பிடித்த காய்ச்சலுக்குப் பெயர் புகழாசை. ஓர் ஊரின் இளைஞர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பிரமை, ஒரே நேரத்தில், ஒரே திசையிலிருந்து! பேராசிரியருக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அந்த ஊருக்குத் தபால் பை சைக்கிள் கடைக்குத்தான் வரும். பதில் தந்தியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவரும் கடைக்காரர்தான். அங்கேயே இரு, யாரிடமும் சொல்லாதே என்றிருந்தது. சொல்வதற்கு எனக்கு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பேய் ராத்திரியில்தான் நடமாடும் என்று நம்புகிறவர்கள், புரட்டாசியில் மழை ஏமாற்றிய வருஷத்தில் அந்தப் பக்கம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெளியே நின்றதில்லை. நிழல் எல்லாம் அவரவர் காலடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். காக்கை கத்தாது. மலை ஓர் அடி முன்னால் நகர்ந்து வந்து நிற்பதுபோல இருக்கும். உபதேசியார் மும்மூன்றாக ஒன்பது தடவை மணி அடிப்பார். கடைசி அடியின் ரீங்காரம் அடங்கும். அதன் பிறகு, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குப் பிறகு, அது வரும்.

அறைக்குள்ளிருந்து நானே கேட்டேன். மெலிதாக, நீளமாக, ஒரு குரல். ஏதோ பெயர். சொல் புரியாது, இழுப்பு மட்டும்தான் வரும். பின்னாலேயே எங்கிருந்தோ ‘ஓ’ என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு பெயர், மறுபடி வேறு திசையிலிருந்து ஓ. அரைமணி நேரம் அப்படியே போகும். குரல் கேட்பதாக எழுதினால் நானும் நோயாளிக் கணக்கில் சேர வேண்டியிருக்கும் என்பதால், நோட்டில் ‘காற்று’ என்று எழுதினேன். ஓ என்ற சத்தத்துக்கு ‘மலையின் எதிரொலி’. காற்று அடிக்கவில்லை என்பதை எழுதவில்லை.

இரண்டாவது வாரம் உபதேசியார் மகளிடம் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தூக்கம் இல்லை. பசி இல்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுமா என்றதற்கு, “தினமுங்க,” என்றாள். என் பென்சில் சந்தோஷமாகக் கோடு போட்டுக்கொண்டே போனது. பதினேழுக்கு வந்தேன்.

“எம் பேரைக் கூப்பிட மாட்டாங்க,” என்றாள்.

“பிறகு?”

“கடைசியா எங்கக்கா பேரைக் கூப்பிடுவாங்க. யாராச்சும் ஓன்னு சொல்லணுமில்லீங்க? நான் வாய்க்குள்ளயே சொல்லிடுவேன்.”

“அக்கா எங்கே?”

“போன வருசம் கெணத்துல போயிட்டாங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தினம் கூப்பிடறாங்க. எத்தனை நாளைக்கு இங்கிருந்தே ஓன்னு சொல்றதுன்னு இருக்குதுங்க.”

அன்று மாலை உபதேசியார் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மூத்ததைக் கல்லறை வேலிக்கு வெளியிலதான் வெச்சேன் தம்பி. தானா உசுர விட்டவங்களை உள்ள வெக்கறதில்லை. நானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம். ஒண்ணு போயிடுச்சு. இதையாவது காப்பாத்திக் கொடுங்க. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுங்க. சனிக்கிழமை பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போயிடறேன்.”

எழுதினேன். ஆங்கிலத்தில் ஒன்று, சாமியாருக்குக் காட்டத் தமிழில் ஒன்று. ‘இவரைக் கிராமச் சூழலிலிருந்து உடனே அப்புறப்படுத்துவது நலம்’ என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன். வெள்ளிக்கிழமை காலை மை காய்வதற்காக அதை மேஜைமேல் விரித்து வைத்தேன். தட்டு எடுக்க வருகிற பெண்ணுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம், சனிக்கிழமைக்குள் குரலின் மர்மத்தைக் கண்டுபிடித்துவிடுவது என்று கிணற்றுக்குப் போனேன். பெரிய கல்கட்டுக் கிணறு. சுற்றிலும் கடலைக்காடு, அதைத் தாண்டி ஒரு பாறை. ஓர் ஆள் கண்ணில் படவில்லை. விளிம்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மணி அடித்தது. எண்ணினேன், ஒன்பது. பெயர்கள் வர ஆரம்பித்தன. இங்கே சொற்கள் தெளிவாகவே கேட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஓ. ஆறேழு பெயர்களுக்குப் பிறகு அந்தக் குரல் என் பெயரைச் சொன்னது.

ஊரில் என்னை எல்லோரும் சாரு, தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வாரத்தில் ஒருவர் வாயிலிருந்தும் என் பெயரை நான் கேட்டதில்லை. மறுபடி என் பெயர், இன்னும் நீளமாக. இந்த இடத்தில் ஒரு வீரன் எழுந்து தேடியிருப்பான், ஒரு சாதாரண மனிதன் ஓடியிருப்பான். நான் ஒரு புதுப் படிவத்தை எடுத்து, பதினேழாவது கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை குரல் உடைந்து வந்தது. அதட்டலா அழுகையா என்று தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரையே பார்த்தேன்.

பிறகு பூமி அதிர்ந்தது. கடலைச்செடிகளுக்கு நடுவிலிருந்து, பனைமரத்துக்குப் பின்னாலிருந்து, செங்கல் சூளையிலிருந்து, ஒருத்தர்கூட வாய் திறக்காமல் இருபது பேருக்கு மேல் ஓடி வந்தார்கள். கையில் அரிவாள், களைக்கொத்து, ஒருவன் கையில் பாதி தின்ற களி. சைக்கிள் கடைக்காரர் பாறையிலிருந்து குதித்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்துப் போட்டார்.

“வாயில என்னாங்க, கொழுக்கட்டையா?”

“எம்.ஏ. படிச்சவருக்கு ஓன்னு ஒரு எழுத்து வரலியா!” என்றாள் அரிவாளோடு நின்ற பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர்.

தரையில் கிடந்தபடியே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மூத்த பெண் போன நாளில், சாப்பாட்டு நேரத்துக்கு இதே காட்டில் இவர்கள் அவளை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துச் சோறு தின்றிருக்கிறார்கள். அவள் அதற்குள் கிணற்றில் இருந்திருக்கிறாள். மறுவாரத்திலிருந்து இந்த ஏற்பாடு. மத்தியான மணிக்குப் பிறகு ஊரில் வயசுப்பிள்ளைகள் எல்லோரையும் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்கே இருந்தாலும் ஓ என்று சொல்ல வேண்டும். வெளியூர் போனால் சைக்கிள் கடையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மூன்று தடவைக்கும் பதில் இல்லையென்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓட வேண்டும். கடைசியாகச் செத்தவள் பெயர். அதை விட மனசு வரவில்லை. மகள் பெயரை ஊர் கூவுகிறது என்று தெரிந்தால் உபதேசியார் என்ன செய்வாரோ என்ற பயத்தில்தான், கூப்பிடுவது யார் என்று வாரா வாரம் சீட்டுப் போட்டு ரகசியமாக வைத்திருக்கிறார்கள். நான் உபதேசியார் வீட்டு ஆள். என்னிடம் எப்படிச் சொல்வார்கள்?

“இந்த வாரம் நான்தானுங்க,” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

“என் பெயரை ஏன் கூப்பிட்டீர்கள்?”

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க சாரு. ரெண்டு வாரமா தனியா பேசிக்கிட்டுத் திரியறீங்க. சோறு சரியா எறங்கலைன்னு கேள்வி. ராத்திரியெல்லாம் வெளக்கு எரியுது. இன்னிக்குக் கெணத்துக்கே வந்து ஒக்காந்துட்டீங்க. நேத்து ராத்திரிதான் எல்லாரும் ஒக்காந்து பேசி, தந்தியில இருந்த பேரை லிஸ்ட்டுல சேத்தோம்.”

நான் அவர்களை ஆராய்ந்த அதே இரண்டு வாரத்தில் அவர்கள் என்னை ஆராய்ந்து முடித்திருந்தார்கள். படிவம் இல்லாமல், செலவில்லாமல். கணிப்பும் என்னுடையதைவிடச் சரி.

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

செத்தவள் பெயரை ஒரு குரல் கூப்பிட்டது.

எல்லோரும் சைக்கிள் கடைக்காரரைப் பார்த்தோம். அவர் என் எதிரில் நின்றார், வாய் மூடியிருந்தது. குரல் பாறையிலிருந்து வரவில்லை. ஊர்ப் பக்கமிருந்து வந்தது. அந்த இழுப்பு, அந்த நீளம் எல்லாம் அப்படியே. களி வைத்திருந்தவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த ஊரில் நான் கேட்ட உருப்படியான கேள்வி அப்போதுதான் வந்தது. “உபதேசியாரின் இரண்டாவது மகள் பெயர் உங்கள் லிஸ்டில் இருக்கிறதா?”

“இல்லீங்களே,” என்றார் சைக்கிள் கடைக்காரர். “அந்த வூட்டுக்குக் கேக்கற மாதிரி யாரு கூப்பிட...” முடிக்கவில்லை. அவர் முகம் மாறியது. ஊரில் எல்லோரையும் கூப்பிட்டார்கள், வெயிலில் கிறுக்கான என்னைக்கூட. எவளுக்காகக் கூப்பிட வேண்டுமோ அவளை மட்டும் அவள் அப்பாவுக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். அந்த வீட்டு ஆட்களில் அவர்கள் தினம் கூப்பிட்டது செத்துப்போன ஒருத்தியை மட்டும்தான்.

ஓடினோம். கோயிலை ஒட்டிய கல்லறை வேலிக்கு வெளியே, பெயர் எழுதாத மண்மேட்டின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் கடிதம், தமிழ் நகல். எங்களைப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். கோயில் சுவரோரம், மணிக்கயிறு தொங்கும் இடத்தில் உபதேசியார் நின்றிருந்தார். அவளிடம் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மூன்றாம் தடவை அவள் கூப்பிட்டபோது அவர்தான் சொன்னார்.

“ஓ.”

தொண்டையிலிருந்து வந்த சத்தமாக அது இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“தினம் மணி அடிச்சிட்டு இங்கயேதான்டா நிக்கறேன்,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “எம் பொண்ணு பேரு எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா?”

அரிவாளை வேலியில் செருகிவிட்டு அந்தப் பெண் போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். “ஏன் புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றாள்.

உபதேசியார் மகள் என்னைப் பார்த்தாள். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கடிதத்தை நீட்டினாள்.

“நான் போயே ஆகணுமாங்க? அங்க யாருங்க எம் பேரைக் கூப்பிடுவாங்க?”

நாற்பத்திரண்டு கேள்வி கேட்டவனை ஒரே கேள்வி உட்கார வைத்தது. “எனக்குத் தெரியலைங்க,” என்றேன். அந்த ஊருக்கு வந்த பிறகு நான் சொன்ன முதல் உண்மை.

கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை பஸ் அவள் இல்லாமல் போகும் என்று அங்கேயே உட்கார்ந்து பேசி முடிவானது. தருமபுரியிலிருந்து டாக்டரை நான் அழைத்து வருவது, மருந்து கொடுத்தால் அவள் சாப்பிடுவது, அரிவாள் பெண் அவளோடு படுத்துக்கொள்வது, பட்டியலில் அவள் பெயரைச் சேர்ப்பது. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் உபதேசியார். என் யோசனை என்று அதில் டாக்டர் மட்டும்தான். அதன் பிறகு எழுபதுகளில் பாப்பாரப்பட்டிப் பக்கமும் மலை ஊர்களிலும் நான் செய்த வேலையெல்லாம் இந்த ஏற்பாட்டின் நகல்தான். அறிக்கையில் மட்டும் கொஞ்சம் பெரிய வார்த்தைகள் போட்டுக்கொண்டேன். பேராசிரியர் என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அவருடைய கண்டுபிடிப்பை நான் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மணி அடித்தது. உபதேசியார் கயிற்றை விடாமல் நின்றார். நான் வாசற்படியில், அவள் நிலைப்படியில். பெயர்கள் வந்தன. என் முறை வந்ததும், தொண்டை கட்டிய காளைபோல ஓ என்றேன். தூரத்தில் காட்டில் சிரிப்பு கேட்டது. பிறகு அவள் பெயர். அவள் விரல்கள் நிலையைப் பிடித்துக்கொண்டன. பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. காட்டில் எத்தனை பேர் கையிலிருப்பதைக் கீழே வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவைக்கு அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் “ஓ.” ரொம்பச் சின்னது. காட்டுக்கு எட்டியிருக்காது என்று நான் எழுந்து அதையே உரக்கச் சொல்லப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மறுபடி, ஊரே கேட்கும்படி சொன்னாள்.

கடைசியாக அக்கா பெயர். அதற்கு இனி யாரும் பதில் சொல்வதில்லை என்று பேசி வைத்திருந்தோம். யாரும் சொல்லவில்லை. அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அசையவில்லை.

மலைப் பக்கமிருந்து ஓ என்று வந்தது.

வழக்கம்போல ‘எதிரொலி’ என்று நோட்டில் எழுதினேன். எதிரொலி என்றால் முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

“உங்களுக்கும் கேட்டுச்சாங்க?” என்றாள்.

“ஆமாங்க,” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, “சோறு ஆறுதுங்க,” என்று சொல்லி உள்ளே போனாள். அன்று அவள் தனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.